இரட்டை விண்மீன்களைக் கண்டறிதல்

இரட்டை விண்மீன் என்பது வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தோன்றி, தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்து காணப்படும் விண்மீன் இணையைக் குறிக்கும். இவற்றுள் ஒன்றையொன்று ஈர்த்துப் பொது ஈர்ப்பு மையத்தைச் சுற்றி வருபவை இரும விண்மீன்கள் எனப்படும். வெவ்வேறு தொலைவுகளில் இருந்தும் ஒரே திசையில் அமைந்திருப்பதால் அருகருகே தோன்றுபவை தோற்ற இரட்டைகள் ஆகும். விண்மீன்களின் நிறையை அறிய இரும விண்மீன்களின் சுற்றுப்பாதையே முதன்மையான வழி என்பதால், இவ்விரு வகைகளையும் பிரித்தறிவது வானியலில் இன்றியமையாதது.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும்

1689 திசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்வெள்ளியை நோக்கிக்கொண்டிருந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ழான் ரிசோ, ஆல்பா செண்டாரி ஓர் இரட்டை விண்மீன் என்பதைத் தற்செயலாகக் கண்டார். அதன் இரு விண்மீன்களும் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. தாம்பரம், வண்டலூர் முதலிய சென்னையின் தென்புறநகர்களில் மே, சூன் மாத இரவுகளில் இது தென் அடிவானத்திற்கு மேல் சுமார் 16 பாகை வரையே உயரும். இணையைப் பிரித்துக் காணச் சிறிய தொலைநோக்கியே போதும். நகர ஒளியும் அடிவான மங்கலுமே தடைகள்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகக் கட்டடம் எழுந்தது. (தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறிக்கப்பட்ட அதன் கருங்கல் தூண், வானிலை ஆய்வு மைய வளாகத்தில் உள்ளது.) 1848-இல் இதன் பொறுப்பேற்ற வில்லியம் சிடீபன் ஜேக்கப் இரட்டை விண்மீன்களில் தனி ஈடுபாடு கொண்டவர். 70 ஒபியூக்கி என்னும் இரும விண்மீன், கணித்த பாதையிலிருந்து சற்றே விலகிச் செல்வதாக அவர் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று அதனை இழுப்பதே காரணமாகலாம் என 1855-இல் எழுதினார். சூரியக் குடும்பத்திற்கு வெளியே கோள் உண்டு என அளவீட்டை ஆதாரமாகக் காட்டிக் கூறிய மிகப் பழைய கூற்றுகளுள் இதுவும் ஒன்று.

அவரது எண்ணம் ஆதாரமற்ற கற்பனையன்று. யுரேனசின் பாதை விலகலைக் கொண்டே 1846-இல் நெப்டியூன் கண்டறியப்பட்டிருந்தது. எனினும் 70 ஒபியூக்கியில் அத்தகைய கோள் உறுதிப்படவில்லை. பின்னர் இதே விண்மீனுக்குத் தாமசு சீ முன்மொழிந்த கரிய துணையின் பாதை நிலைத்திருக்க இயலாது என்பதை 1899-இல் மோல்டன் காட்டினார். பல்லாண்டுகளாகப் பலர் வெவ்வேறு கருவிகளால் செய்த அளவீடுகளில் சிறு பிழைகளும் துணைக்கோளின் இழுப்பைப் போலவே தோன்றக்கூடும்.

தரவுகளில் தேடும் முறை

இன்று இத்தேடலுக்குப் பெரும் துணையாக இருப்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் 2014 முதல் 2025 சனவரி வரை திரட்டிய தரவு. இதன் பட்டியலில் சுமார் 180 கோடி வான்பொருள்கள் உள்ளன. முதலில், வானில் நெருங்கித் தோன்றும் இணைகள் தெரிந்தெடுக்கப்படும். பின்னர் இரண்டின் தொலைவும் பிழை எல்லைக்குள் ஒத்துள்ளனவா எனப் பார்க்கப்படும். ஆண்டுதோறும் வானில் இடம்பெயரும் திசையும் அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருத்தல் வேண்டும். சிறு வேறுபாடு இருக்கலாம். ஆனால் அது ஈர்ப்பால் பிணைந்த இணை ஒன்றையொன்று சுற்றும் வேகத்தை மீறலாகாது.

இவற்றிலும் தற்செயல் இணைகள் தப்பி நுழையும். அவற்றின் அளவை மதிப்பிட எளிய உத்தி ஒன்று உண்டு. பட்டியலின் படி ஒன்றில் விண்மீன்களின் இடங்களைச் சற்றே நகர்த்தி வைத்து, மூலப் பட்டியலோடு இணை சேர்த்து மீண்டும் தேடுவர். அப்போது கிடைப்பவை அனைத்தும் போலி இணைகளே. இவ்வாறு சரிபார்த்து 2021-இல் வெளியான பட்டியல் ஒன்றில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அகன்ற இணைகள் இடம்பெற்றன.

மிக நெருங்கிய இணைகள் கையாவுக்கும் ஒற்றைப் புள்ளியாகவே தெரியும். ஒற்றை விண்மீனின் நகர்வுக் கணக்கோடு அளவீடுகள் எவ்வளவு பொருந்தவில்லை என்பதை ஓர் எண் குறிக்கும், அது 1.4-ஐத் தாண்டினால் மறைந்த துணை இருக்கலாம் என ஐயுறுவது வழக்கம். இளம் விண்மீனைச் சூழ்ந்த தூசுத் தட்டும் இவ்வெண்ணை உயர்த்தக்கூடும் என்பதால், நிறமாலை அளவீட்டுக்குப் பின்னரே துணை உறுதி செய்யப்படுகிறது.