வீடு திருத்தும் வேளையில்: ஒளி, காற்று, அண்டைவீட்டார்

புதுமனை கட்டுவதினும் பழமனையை மாற்றியமைப்பது கடினமான பணியாகும். வெற்றுநிலத்தில் கட்டுவோர் தம் விருப்பப்படி கோடு கிழிக்கலாம். பழமனையிலோ முன்னோர் வைத்த சுவரும் வாயிலும், அண்டைவீட்டாரின் உரிமையும் குறுக்கே நிற்கின்றன. அறையை இணைத்தல், கதவை இடம் மாற்றுதல், புதிய சாளரம் திறத்தல் ஆகிய இப்பணிகளை இஸ்லாமிய நகரங்கள் எவ்வாறு நெறிப்படுத்தின என்பதற்கு ஒரு மாளிகையும் ஒரு சட்டத்தொகுப்பும் நல்ல சான்றுகளாக விளங்குகின்றன.

பழைய கெய்ரோவில், முஇஸ் வீதியிலிருந்து பிரியும் அத்தர்புல் அஸ்ஃபர் என்னும் சந்தில் அமைந்துள்ளது பைத்துஸ் ஸுஹைமீ. இதன் தென்பகுதியை கி.பி. 1648இல் ஷைகு அப்துல் வஹ்ஹாப் அத்தப்லாவீ கட்டினார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1796இல் ஹாஜி இஸ்மாயீல் ஷலபீ என்பார் வடபகுதியை எழுப்பிப் பழைய வீட்டோடு இணைத்து ஒரே இல்லமாக்கினார். பின்னாளில் அங்கு வாழ்ந்த ஸுஹைமீ குடும்பத்தின் பெயரே வீட்டிற்கு நிலைத்தது.

இரு காலக் கட்டடங்கள் ஒன்றானபோதும் வீட்டின் நடுமுற்றம் பறிபோகவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. தெருவாயிலிலிருந்து முற்றத்திற்குச் செல்லும் நடைவழி நேராகச் செல்லாமல் திரும்பிச் செல்கிறது. வாயில் திறந்திருப்பினும் வழிப்போக்கரின் பார்வை உள்ளே எட்டாது. முற்றத்திற்கும் பின்புறத் தோட்டத்திற்கும் இடையே 'தக்தபூஷ்' எனப்படும் நிழற்கூடம் உள்ளது. வெயில் படும் தோட்டத்தில் காற்று சூடேறி மேலெழ, நிழல் சூழ்ந்த முற்றத்தின் குளிர்காற்று இக்கூடத்தின் வழியே ஈர்க்கப்படுகிறது. எகிப்தியக் கட்டடக்கலை அறிஞர் ஹஸன் ஃபத்ஹீ (1900–1989) இந்நுட்பத்தை விரிவாக விளக்கியுள்ளார். மேல்தளத்தில் மஷ்ரபிய்யா என்னும் மரப்பின்னல் சாளரங்கள் காற்றையும் மென்மையான ஒளியையும் உள்ளே விட்டு, வெளிப்பார்வையைத் தடுக்கின்றன. இத்தகைய வீடுகளில் ஓர் அறைக்கு ஒரே பயன் என்ற வரையறை இறுக்கமாக இருந்ததில்லை. விரிப்பும் மெத்தையும் இடம்பெயர, ஒரே அறை உண்ணவும் உறங்கவும் விருந்தினரை அமர்த்தவும் உதவிற்று.

வீட்டின் உள்ளே இத்தகைய விரிவான உரிமை உடையவர், வெளிச்சுவரில் கைவைக்கும்போது அவ்வுரிமைக்கு எல்லை உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் துனீஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ, கட்டடக் கலைஞராக இருந்தே காழியின் அவைக்கு உதவியவர். மாலிகீ மத்ஹபின் அடிப்படையில் சுவர், கதவு, சாளரம் பற்றிய வழக்குகளைத் தனிநூலாகவே தொகுத்தார். ஹனஃபீ மரபில் இச்சட்டங்களைத் தெளிவாக வரிசைப்படுத்தியது, அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசில் உருவான 'மஜல்லா' ஆகும். 1851 பிரிவுகள் கொண்ட இத்தொகுப்பு, தம் சொத்தைத் திருத்துவோர் பிறர்க்குக் 'கடுந்தீங்கு' (ளரர் ஃபாஹிஷ்) விளைவிக்கலாகாது என வரையறுக்கிறது.

எது கடுந்தீங்கு? 1201ஆம் பிரிவு அதற்கு ஓர் எளிய அளவுகோல் தருகிறது. அண்டைவீட்டாரின் காட்சியை மறைப்பதோ வெயிலைத் தடுப்பதோ கடுந்தீங்காகாது. ஆனால் ஒரே சாளரமுடைய அறையின் சாளரத்தைப் புதுக்கட்டடம் அடைத்து, எழுத்தைப் படிக்க இயலாத அளவு இருள் சூழ்ந்தால், அக்கட்டடத்தை அகற்றக் கோரலாம். கதவைத் திறந்து ஒளி பெறட்டும் என்ற வாதம் ஏற்கப்படாது. குளிர் போன்ற காரணங்களால் கதவு மூடப்பட வேண்டியதன்றோ! இரு சாளரங்கள் இருந்து ஒன்று அடைபட்டால் முறையீட்டிற்கு இடமில்லை.

அடுத்த பிரிவு பார்வை பற்றியது. அண்டைவீட்டுப் பெண்கள் புழங்கும் அடுக்களை, கிணற்றடி, முற்றம் ஆகியவற்றை நோக்கிப் புதிய சாளரம் திறப்பது கடுந்தீங்கே. எனினும் சாளரத்தையே மூடிவிடுமாறு வற்புறுத்துவதில்லை. இடையே சுவரோ மரத்தடுப்போ அமைத்தால் போதும். ஆள் உயரத்திற்கு மேலுள்ள சாளரத்தை, ஏணி வைத்துப் பார்த்துவிடுவாரோ என்ற ஐயத்தால் மூடச்சொல்லவும் இயலாது என்கிறது 1203ஆம் பிரிவு. ஒருவர் வீட்டில் ஒளியும் வேண்டும். மற்றவர் வீட்டில் மறைவும் வேண்டும். இரண்டையும் காக்கும் குறைந்தபட்சத் தடுப்பையே சட்டம் நாடுகிறது.

இன்று வீடு திருத்துவோர் பலர், கூடுதலாக ஓர் அறை கிடைக்கும் என்றெண்ணி முற்றத்தை மூடுகின்றனர். பின்னர்ப் பகலிலும் விளக்கெரித்து, விசிறியை நம்பி வாழ்கின்றனர். சுவரை இடிக்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்வது நலம். கதவை மூடினாலும் இவ்வறையில் பகலில் நூலைப் படிக்க முடியுமா? உள்ளே வரும் காற்று வெளியேற எதிர்ப்புறம் வழியுண்டா? புதிய சாளரம் யார் வீட்டு அடுக்களையைப் பார்க்கிறது? முதல் இரண்டிற்குக் கொத்தனார் விடை கூறலாம். மூன்றாவதை அண்டைவீட்டாரிடம் சென்று கேட்பதே முறையாகும்.