மேடை ஏறாத இருவர்: ஆங்கிலப் புனைவியற் காலக் கட்டுரைக் கலை

முன்னுரை

18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியும் 19ஆம் நூற்றாண்டின் முதல் முப்பதாண்டுகளும் ஆங்கில இலக்கிய வரலாற்றில் புனைவியற் காலம் எனப்படும். இக்காலத்தைக் குறித்து எண்ணுங்கால் வோர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், ஷெல்லி, கீட்ஸ் ஆகிய கவிஞர்களே முதலில் நம் நினைவிற்கு வருவர். ஆயினும் அதே காலத்தில் உரைநடையிலும் ஓர் அரிய கலை மலர்ந்தது. தாம் கண்டவற்றையும் எண்ணியவற்றையும் நண்பர் ஒருவரோடு உரையாடுவதுபோல் எழுதும் கட்டுரைக் கலையே அது. அதில் தலைசிறந்து விளங்கியோர் சார்லஸ் லாம் (1775-1834), வில்லியம் ஹாஸ்லிட் (1778-1830) ஆகிய இருவராவர். இவ்விருவருமே திருப்பணியின் வாயில்வரை வந்து உள்ளே புகாது நின்றவர்கள் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. அருளுரை மேடையில் நிற்காத இவர்கள், 'நான்' என்று தம்மைக் குறித்து எழுதிய வகையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டுரையும் பருவ இதழ்களும்

கட்டுரை என்னும் வடிவத்தை இவர்கள் புதிதாகத் தோற்றுவிக்கவில்லை. பிரான்சு நாட்டினரான மோன்டேன் 1580இலும், ஆங்கிலேயரான பேக்கன் 1597இலும் தம் கட்டுரை நூல்களை வெளியிட்டனர். பின்னர், 1709இல் ஸ்டீல் தொடங்கிய 'டாட்லர்', 1711இல் அடிசனும் அவரும் சேர்ந்து தொடங்கிய 'ஸ்பெக்டேட்டர்' ஆகிய இதழ்கள் கட்டுரையைப் பொதுமக்களின் வாசிப்புக்கு உரியதாக்கின. எனினும் சமுதாய ஒழுக்கத்தைச் சீர்படுத்துவதே அடிசனின் முதன்மையான நோக்கமாக இருந்தது. அவர் எழுத்தில் பண்பட்ட ஒரு சமூகத்தின் குரலைக் கேட்கிறோம். துயரும் நினைவும் உடைய தனி மனிதரின் குரலை அரிதாகவே கேட்கிறோம்.

1789இல் எழுந்த பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் தனி மனிதரின் உள்ளம் இலக்கியத்தின் பொருளாயிற்று. அதற்கேற்ற இதழ்களும் தோன்றின. 1802இல் 'எடின்பரோ ரிவ்யூ' தொடங்கப்பட்டது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் சிட்னி ஸ்மித் என்னும் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவும் ஒருவர். 1817இல் 'பிளாக்வுட்ஸ்' இதழும், 1820இல் 'லண்டன் மேகசின்' இதழும் வெளிவரத் தொடங்கின. இவை எழுத்தாளருக்கு ஊதியமும், நீண்ட கட்டுரைகளுக்கு இடமும் அளித்தன. லாம், ஹாஸ்லிட், டி குவின்சி ஆகிய மூவரும் 'லண்டன் மேகசின்' இதழில் எழுதினர். ஆயினும் இவ்விதழ்களுக்கிடையே கடும் பகை நிலவிற்று. அப்பகையின் விளைவாக நேர்ந்த துப்பாக்கிச் சண்டையில் காயமுற்று, 'லண்டன் மேகசின்' ஆசிரியர் ஜான் ஸ்காட் 1821இல் உயிரிழந்தார்.

சார்லஸ் லாம்

லாம் 1782ஆம் ஆண்டு முதல் ஏழாண்டுகள் கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் பள்ளியில் பயின்றார். கோல்ரிட்ஜ் அங்கு அவருடன் பயின்றவர். அப்பள்ளியின் மிகச் சிறந்த மாணவர்கள், பின்னர்த் திருப்பணிக்குச் செல்வர் என்னும் எதிர்பார்ப்புடன் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டனர். லாமுக்கோ திக்குவாய் இருந்தது. ஆகவே அவ்வழி அவருக்கு அடைபட்டது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையகத்தில் கணக்கராகச் சேர்ந்து, 1825 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் அங்கே பணியாற்றினார்.

1796 செப்டம்பர் 22ஆம் நாள் அவர் இல்லத்தில் பெருந்துயரம் நேர்ந்தது. அவருடைய தமக்கை மேரி, மனநோயின் வேகத்தில் தம் தாயைக் கத்தியால் குத்திக் கொன்றார். அப்போது லாமுக்கு வயது இருபத்தொன்று. தமக்கையை வாழ்நாள் முழுவதும் மனநோய் இல்லத்திலேயே விட்டுவிடலாம் என்னும் எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. அவரைப் பேணும் பொறுப்பைத் தாமே மேற்கொண்டார். திருமணம் செய்துகொள்ளாமல், தம் இறுதிவரை அவருடன் வாழ்ந்தார். இருவரும் இணைந்து எழுதிய 'ஷேக்ஸ்பியர் கதைகள்' 1807இல் வெளிவந்தது. நோய் மீண்டும் அணுகுவதை உணர்ந்த வேளைகளில், இருவரும் கைகோத்து அழுதவண்ணம் மனநோய் இல்லத்தை நோக்கி நடந்து செல்வர் என்று அவர்களை அறிந்தோர் எழுதி வைத்துள்ளனர்.

இத்தகைய வாழ்வினின்றே 1820 ஆகஸ்டு மாதம் முதல் 'எலியா' கட்டுரைகள் வெளிவரலாயின. இப்பெயர் திருமறையின் எலியா தீர்க்கதரிசியைக் குறிப்பதன்று. லாம் சிறிது காலம் பணியாற்றிய தென்கடல் நிறுவனத்தில் எழுத்தராக இருந்த இத்தாலியர் ஒருவரின் பெயரையே அவர் புனைபெயராகக் கொண்டார். இக்கட்டுரைகளில் மேரி, 'பிரிட்ஜெட்' என்னும் ஒன்றுவிட்ட சகோதரியாக வருகிறார். அவருடைய வாசிப்பு ஆர்வம், வாதிடும் பாங்கு, துன்பக் காலத்தில் காட்டும் உறுதி ஆகியவற்றை வாசகர் அறிகின்றனர். தாயின் மரணம் குறித்தோ எங்கும் ஒரு சொல்லும் இல்லை.

1821இல் வெளிவந்த இரு கட்டுரைகள் நமக்குத் தனிச் சிறப்புடையன. உணவுக்குமுன் நன்றி கூறும் வழக்கத்தைப் பற்றிய கட்டுரையில், நல்ல நூல் ஒன்றை வாசிக்கத் தொடங்குமுன்னும், இனியதொரு நடைப்பயணத்திற்கு முன்னும் நாம் ஏன் நன்றி கூறுவதில்லை என்று வினவுகிறார். குவேக்கர் சபையாரின் கூட்டம் பற்றிய கட்டுரையில், பலர் ஒன்றுகூடி அமைதி காப்பதன் மாண்பைப் போற்றுகிறார். நாவின் தடையால் துன்புற்ற ஒருவர் மௌனத்தின் பெருமையை எழுதினார் என்பதை உணர்ந்து வாசிப்போமாயின், அக்கட்டுரையின் ஆழம் விளங்கும்.

வில்லியம் ஹாஸ்லிட்

ஹாஸ்லிட் யூனிட்டேரியன் சபைப் போதகர் ஒருவரின் மகன். திருப்பணிப் பயிற்சிக்காக 1793இல் ஹாக்னியிலிருந்த கல்லூரிக்கு அனுப்பப்பட்ட அவர், அவ்வழைப்பில் நம்பிக்கை இழந்து 1795இல் வெளியேறினார். 1798 சனவரியில், கோல்ரிட்ஜ் ஆற்றவிருந்த அருளுரையைக் கேட்பதற்காக வெம் என்னும் ஊரிலிருந்து ஷ்ரூஸ்பரிக்குப் பத்து மைல் சேற்றில் நடந்து சென்றார். அந்நாளின் நினைவை 1823இல் ஒரு கட்டுரையாக்கினார். தூரத்துச் சிற்றூரில், ஒத்த சிந்தையரின் உரையாடலுக்கு ஏங்கியபடி வேத விளக்க நூல்களில் ஆழ்ந்திருந்த தம் முதிய தந்தையையும் அதில் கனிவோடு சித்திரித்துள்ளார். தந்தையின் பணியை ஏற்காத மகன், அப்பணியின் தனிமையைப் பிறர் எவரையும்விட நன்கு அறிந்திருந்தார்.

நடையைக் குறித்தும் அவர் எழுதினார். எளிய நடை எளிதில் கைவருவதன்று என்பதே அவர் துணிபு. வழக்கிலுள்ள சொற்களுள் பொருளுக்கு முற்றும் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பது, ஆரவாரச் சொற்களை அடுக்குவதினும் கடினம் என்று அவர் வலியுறுத்தினார்.

இருவகை 'நான்'

இவ்விருவரும் தம்மைப் பற்றியே எழுதினும், அவர்கள் சென்ற வழிகள் வேறு. ஹாஸ்லிட் எதனையும் மறைக்க விரும்பாதவர். தாம் தங்கியிருந்த இல்லத்தாரின் மகள்மீது கொண்ட நிறைவேறாக் காதலை, அவளுடன் நிகழ்ந்த உரையாடல்களுடன் 1823இல் பெயர் குறிப்பிடாது நூலாக்கினார். எழுதியவர் யார் என்பது விரைவில் வெளியாயிற்று. பகைமை கொண்ட இதழ்கள் அவரை இகழ்ந்தன. எனினும் அவர் தம் இகழ்ச்சியைத் தாமே தேடிக்கொண்டவர். அந்தப் பெண்ணோ, தன் பேச்சு அச்சேறுவதற்கு இசைவு தந்தவள் அல்லள்.

லாமும் உண்மையையே எழுதினார். ஆயின் தமக்குரிய உண்மையை மட்டுமே எழுதினார். தமக்கையின் துயரம் தமக்குரிய பொருளன்று என்று அவர் கருதினார் போலும். நெருங்கிய நண்பர்கள் அதனை அறிந்து காத்தனர். லாம் 1834இலும், மேரி 1847இலும் மறைந்தனர். அதன் பின்னரே, 1848இல், நண்பர் டால்ஃபோர்டு அச்செய்தியை நூல்வழி வெளிப்படுத்தினார். அதனை அறிந்தபின் 'எலியா'வை மீண்டும் வாசிப்போர், அதன் நகைச்சுவைக்கு அடியில் ஓடும் அன்பின் உழைப்பைக் காண்பர்.

முடிவுரை

அருளுரையாளர் இன்று தம் வாழ்க்கை அனுபவங்களை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கமாகிவிட்டது. அவ்வனுபவங்களில் மனைவியும் மக்களும் சபையாரும் இடம்பெறுகின்றனர். நோயுற்றோர் இல்லத்தில் நாம் கேட்டவை அடுத்த ஞாயிறன்று மேடையில் எடுத்துக்காட்டாகிவிடும் இடர் எப்போதும் உண்டு. ஹாஸ்லிட்டிடம் நாம் கற்க வேண்டியது பொருத்தமான எளிய சொல். லாமிடம் கற்க வேண்டியது சொல்லாது விடும் அன்பு. திக்குவாயினால் மேடைக்கு ஏற்றவரல்லர் எனக் கருதப்பட்ட அவர், எதனைப் பேசலாகாது என்பதை மேடையேறும் நமக்குக் கற்பிக்கிறார்.