ஜீப்பின் முகம்

இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்பை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் பத்து சென்டிமீட்டர்கூட வராது. அந்த மாதிரியைச் செய்ய உட்காருபவர் வண்ணத்துக்கு முன் முடிவு செய்யவேண்டியது அதன் முகத்தை. 1941 இறுதியில் வில்லிஸ் தயாரித்த முதல் வண்டிகளின் கிரில், பற்றவைத்த இரும்புப் பட்டைகளால் ஆனது. ஒரே தகட்டில் ஒன்பது பிளவுகளை அழுத்தி எடுத்த ஃபோர்டின் மலிவான வடிவத்தை 1942இல் வில்லிஸும் ஏற்றது. ஏழு பிளவுகள் 1945இல் வந்த சிவில் வண்டிக்குரியவை. போர்க்களக் காட்சியில் ஏழைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். ஃபோர்டு தன் போல்ட் தலைகளில் பொறித்த 'எஃப்' எழுத்தை மட்டும் விட்டுவிடலாம். இந்த அளவில் அதை எறும்புதான் படிக்கவேண்டும்.

ஆனால் இந்த இரண்டு பெயர்களுமே பின்னால் வந்தவை. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் கேட்ட வண்டியை 49 நாள் கெடுவுக்குள் செய்து, செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தின் ஹோலபேர்ட் முகாமில் நிறுத்தியது பென்சில்வேனியாவின் சிறிய நிறுவனமான பான்டம். வரைந்தவர் கார்ல் ப்ராப்ஸ்ட். ராணுவம் அந்த வரைபடங்களைப் போட்டியாளர்களுக்கும் காட்டியது. வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தன. பான்டம் மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை. பிறகு அதற்குக் கிடைத்தது, ஜீப்பின் பின்னால் மாட்டும் இரு சக்கர டிரெய்லர் செய்யும் வேலை.

என் மேசையில் வில்லிஸ் முடிந்துவிட்டது. டிரெய்லருக்கு இன்னும் சக்கரம் ஒட்டவில்லை.