பித்தளைக் கணக்கு: காப்புரிமையும் தரநிலையும் சந்தித்த வரலாறு

காப்புரிமைகளையும் தொழில்நுட்பத் தரநிலைகளையும் பற்றி இன்று பொருளியலாளர் நடத்திவரும் விவாதத்தின் வேர், கைப்பேசி என்ற கருவியை எவரும் கற்பனை செய்யாத காலத்து நூலொன்றில் இருக்கிறது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் அந்துவான் ஒகுஸ்தேன் கூர்னோ 1838இல் செல்வக் கோட்பாட்டின் கணித அடிப்படைகள் குறித்து ஒரு சிறு நூலை வெளியிட்டார். அன்று அதைப் படித்தவர் மிகச் சிலரே. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வருவதற்கு 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்நூலில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. செம்பு முழுவதும் ஒருவர் கையில் இருக்கிறது. துத்தநாகம் முழுவதும் வேறொருவர் கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால்தான் பித்தளை. இவ்விருவரும் தனித்தனியே விலை வைத்தால் என்ன ஆகும்? என் சொந்த எண்களைக் கொண்டு விளக்குகிறேன். பித்தளையின் விலை உயர உயர விற்பனை ஒவ்வோர் அலகாகக் குறைகிறது என்றும், விலை 120ஐத் தொட்டால் விற்பனை நின்றுவிடும் என்றும், உற்பத்திச் செலவு இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். இரு உலோகங்களும் ஒரே முற்றுரிமையாளரிடம் இருந்தால் அவர் 60 விலை வைப்பார், 60 அலகு விற்கும், வருவாய் 3600. இருவர் தனித்தனியே விலை வைத்தால் ஒவ்வொருவரும் 40 கேட்பர். மொத்த விலை 80 ஆகும். விற்பனை 40 ஆகக் குறையும். இருவர் வருவாயும் சேர்ந்து 3200. வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கிறார், விற்பவர்களோ குறைவாகப் பெறுகின்றனர். உரிமையாளர் ஐவரானால் விலை 100, வருவாய் 2000. முற்றுரிமை தீது என்பது நமக்குப் பழகிய பாடம். சிதறிக் கிடக்கும் முற்றுரிமை அதனினும் தீது என்பதே கூர்னோ தந்த செய்தி.

இந்தக் கணக்கு தொழிற்சாலையில் நிகழ்ந்து பார்த்த முதற்களங்களுள் ஒன்று தையல் இயந்திரம். எலியாஸ் ஹோவ் 1846இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்; சிங்கர் 1851இல் பெற்றார்; துணியை நகர்த்தும் அமைப்பின் உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. ஒருவரை ஒருவர் மீறாமல் எவராலும் முழு இயந்திரத்தைச் செய்ய இயலவில்லை. வழக்குமேல் வழக்காக நடந்த பின், 1856இல் மூன்று நிறுவனங்களும் ஹோவும் சேர்ந்து காப்புரிமைகளை ஒரே கூட்டில் வைத்தனர். வெளியார் இயந்திரம் ஒன்றுக்கு 15 டாலர் செலுத்தினால் எல்லா உரிமைகளும் கிடைக்கும். பின்னர் அது 7 டாலராகக் குறைந்தது. கூட்டு 1877 வரை நீடித்தது.

கூர்னோவின் கணக்குப்படி இது நல்ல முடிவாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் ரையன் லாம்ப், பெட்ரா மோசர் ஆகிய இரு பொருளியல் வரலாற்றாய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. கூட்டு நிலவிய ஆண்டுகளில் தையல் இயந்திரக் காப்புரிமைகள் குறைந்தன. நிமிடத்திற்கு எத்தனை தையல் என்ற அளவில் இயந்திரங்களின் முன்னேற்றமும் தளர்ந்தது. கூட்டு கலைந்த பிறகே புத்தாக்கம் மீண்டது. காப்புரிமை எண்ணிக்கையோடு நில்லாமல் தையல் வேகத்தையும் அளந்தது இவ்வாய்வின் தனிச்சிறப்பு என்பேன். எண்ணிக்கையைப் புத்தாக்கத்தின் அளவுகோலாகக் கொள்ளும் சோம்பல் இத்துறையில் மிகுதி.

கார்ல் ஷாப்பிரோ 2001இல் எழுதிய காப்புரிமைப் புதர் பற்றிய கட்டுரையில் கூர்னோவை மீண்டும் அரங்கேற்றினார். ஆயிரக்கணக்கான உரிமைகள் பின்னிக் கிடக்கும் கணினி, தொலைத்தொடர்புத் துறைகளே இன்றைய பித்தளை என்பது அவர் வாதம். தரநிலை இங்கேதான் நுழைகிறது. தமிழில் 'தரம்' என்ற சொல் உயர்வைச் சுட்டுவதால் தரநிலை என்றவுடன் சிறந்தது என்று மயங்குகிறோம். தரநிலை பல வேளைகளில் உடன்பாடு மட்டுமே. உடன்பாடு ஏற்படும் முன் ஒரு நுட்பத்துக்கு மாற்றுகள் உண்டு. ஏற்பட்ட பின் தொழிற்சாலைகள், கோபுரங்கள், கருவிகள் எல்லாம் அதன்மேல் எழுந்துவிடுவதால் மாற்றுகள் செத்துவிடுகின்றன. நேற்று வரை பத்தில் ஒன்றாக இருந்த காப்புரிமை இன்று தவிர்க்கவொண்ணாததாகிறது. அதன் விலை கண்டுபிடிப்பின் மதிப்பிலிருந்து பிறந்ததா, குழுவின் வாக்கெடுப்பிலிருந்து பிறந்ததா?

இதற்குத் தரநிலை அமைப்புகள் கண்ட பரிகாரம் ஒரு வாக்குறுதி: நியாயமான, ஏற்கத்தக்க, பாகுபாடற்ற நிபந்தனைகளில் உரிமம் தரப்படும். மொழியியல் படித்தவருக்கு இத்தொடர் உடனே உறுத்தும். 'உயரமான' என்பது போல 'நியாயமான' என்பதும் ஒப்பீட்டுக் களம் இன்றிப் பொருள் நிறைவுறாத அடை. மரத்தினும் உயரமா, மனிதரினும் உயரமா? வாக்குறுதி அக்களத்தைச் சொல்வதில்லை. ஜோஷ் லெர்னர், ஜான் திரோல் இருவரும் 2015இல் முன்வைத்த தீர்வு இவ்விடைவெளியைக் காலத்தால் நிரப்புகிறது: மாற்றுகள் உயிரோடிருக்கும்போதே, அதாவது தரநிலை முடிவாகும் முன்பே, ஒவ்வொருவரும் தம் உச்ச விலையை அறிவித்துவிட வேண்டும்.

இந்தியாவில் இவ்விடைவெளி நீதிமன்றம் ஏறியது. எரிக்சன் 2013இல் மைக்ரோமேக்ஸ் மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மைக்ரோமேக்ஸ் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஆணையம் விசாரணைக்கு ஆணையிட்டபோது ஓர் எளிய கணக்கைச் சுட்டியது: அதே சில்லு 100 ரூபாய்க் கைப்பேசியில் இருந்தால் உரிமத்தொகை 1.25 ரூபாய், 1000 ரூபாய்க் கைப்பேசியில் இருந்தால் 12.50 ரூபாய். நியாயத்தின் களம் சில்லா, கைப்பேசியா என்பதே வினா. ஆணையத்தின் அதிகாரத்தை 2016இல் தனி நீதிபதி ஏற்றார். 2023 ஜூலையில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மறுத்து, இத்தகைய பொருண்மையில் காப்புரிமைச் சட்டமே மேலோங்கும் என்றது. சட்ட வாதமாக அது வலுவானதாக இருக்கலாம்; விலையின் களம் எது என்ற பொருளியல் வினாவை அது தொடவே இல்லை.

எதிர்த்தரப்பையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஷாப்பிரோ வழிவந்தோர் அஞ்சியபடி உரிமத்தொகைகள் அடுக்கடுக்காக ஏறியிருந்தால் கைப்பேசிகள் ஏன் இவ்வளவு மலிந்தன என்று கலெதோவிச், ஹேபர், லெவின் ஆகியோர் 2015இல் வினவினர். தரநிலைக் காப்புரிமைகளை மிகுதியும் சார்ந்த பொருள்களின் விலையே பிறவற்றினும் வேகமாகச் சரிந்தது என அவர்கள் காட்டினர். இன்டெல் நிறுவனச் சட்ட அலுவலர் ஒருவரும் வழக்கறிஞர் இருவரும் 2014இல் இட்ட கணக்கில் 400 டாலர்க் கைப்பேசி ஒன்றுக்கு உரிமத்தொகை 120 டாலரைத் தொட்டது, அதாவது முப்பது விழுக்காடு. கலெதோவிச், ஹேபர், சரெட்ஸ்கி 2018இல் தந்த மதிப்பீடோ கைப்பேசி மதிப்பில் ஏறத்தாழ 3.4 விழுக்காடு. முன்னது பெரும்பாலும் கேட்கப்பட்ட விலை. பின்னது உண்மையில் வந்து சேர்ந்த வருவாய். மேசையில் கேட்பதும் கையில் வாங்குவதும் ஒன்றல்ல.

கையில் வாங்கியது எவ்வளவு என்பதை வெளியிலிருந்து மதிப்பிட வேண்டியிருப்பதற்குக் காரணம், உரிம ஒப்பந்தங்களைப் பூட்டி வைக்கும் இரகசியக் காப்பு விதிகள். பக்கத்து நிறுவனம் என்ன கொடுத்தது என்பது உரிமம் பெறுபவருக்கே தெரியாது. மூன்று அடைகளில் கடைசியான 'பாகுபாடற்ற' என்பதைச் சரிபார்க்க ஒப்பிடத் தேவையான மற்றொரு விலை, அந்தப் பூட்டுக்குள்தான் இருக்கிறது.