ஊவாவின் யானைகளும் ஈயக்குண்டும்

ஊவாவின் பெருந்தோட்ட வரலாற்றைக் கோப்பிக் கன்றிலிருந்தே தொடங்குவது வழக்கம்; அதற்கு முன்னோடியான ஈயக்குண்டை நாம் மறந்துவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யானை வேட்டைக்காரர் தூரத்திலிருந்து சுடுவதை நம்பவில்லை. கருமருந்தால் உந்தப்பட்ட குண்டின் வலு தொலைவிற் குன்றும். மெல்லிய ஈயமோ மண்டையோட்டில் நசுங்கும். ஆகவே வெள்ளீயம் முதலியன கலந்து கடினமாக்கிய பாரமான குண்டைத் தெரிந்து, மிக அருகே சென்று நெற்றியைக் குறிவைத்தனர். பதுளையில் அரசாங்க அதிகாரியாயிருந்த மேஜர் றொஜேர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றாரென எமர்சன் தெனன்ற் குறித்துள்ளார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி றொஜேர்ஸ் மாண்டார். யானைகள் திரிந்த மலைச்சரிவுகளிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. வீழ்ந்த யானைகளுக்கும் ஒரு தொகை ஏட்டிலுண்டு. அத்தோட்டங்களில் உழைத்து மடிந்த தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை எவர் எழுதிவைத்தார்?