அந்த அம்மோனியா எங்கிருந்து வந்தது?

நாம மூச்சில் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனா அதைப் பயிர் நேரடியாக எடுத்துக்கொள்ளாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களை இறுக்கி வைத்திருக்கும் முப்பிணைப்பை முதலில் உடைக்கணும். 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் அதைச் செய்துகாட்டினார். 1913இல் கார்ல் போஷ் அதை ஆலையாக்கினார். பெருஞ்சூடு, நூறு மடங்குக்கும் மேலான காற்றழுத்தம், இரும்பு வினையூக்கி. இன்றைக்கும் உரத்துக்கான அம்மோனியா பெரும்பாலும் அப்படித்தான் தயாராகிறது.

இந்தச் சூடும் அழுத்தமும் இல்லாமல், அறை வெப்பநிலையில், தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சியே அம்மோனியா எடுக்க முடியுமா? 2010களில் இதற்கான மின்வினையூக்கிகள் பற்றிக் கட்டுரைகள் குவிந்தன. ஆனா கிடைத்த அம்மோனியா துளியூண்டு. அவ்வளவு அம்மோனியா ஆய்வாளரின் மூச்சிலேயே இருக்கும். கையுறையில், ஆய்வகக் காற்றில்கூட இருக்கும். அப்போ அது வினையூக்கி செய்ததா, வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டதா?

எனக்கு இந்தக் கதையில் பிடித்தவர் ஹம்ஃப்ரி டேவி. இருநூறு வருஷத்துக்கு முன்னால், காய்ச்சி வடித்த நீரில் மின்சாரம் பாய்ச்சியபோது அமிலமும் காரமும் தோன்றுவதைப் பார்த்தார். பாத்திரத்திலிருந்து வருகிறதோ என்று பொன் பாத்திரத்துக்கு மாறினார். காற்றை வெளியேற்றி, ஹைட்ரஜனை நிரப்பியும் பார்த்தார். அமிலமும் காரமும் தோன்றவில்லை. ஆக, காற்றின் நைட்ரஜன்தான் காரணம் என்று முடிவு கட்டினார்.

அதே கேள்வியை 2019இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்த குழு 'நேச்சர்' இதழில் கறாராகக் கேட்டது. நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் செலுத்திப் பாருங்க. பிறகு, சுத்திகரித்த நைட்ரஜன்-15 செலுத்துங்க. கிடைக்கும் அம்மோனியாவில் அதே நைட்ரஜன்-15 அதே அளவில் இருந்தால்தான் நம்பலாம். நம்பிக்கை தந்த தூய உலோகங்களைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார்கள், எதுவும் தேறவில்லை. தேறியது, கரிமக் கரைப்பானில் லித்தியத்தைப் படியவைக்கும் பழைய வழி. 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டிய வழி அது. லித்தியம் நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடாகி, பிறகு அம்மோனியாவாகிறது. ஆனா லித்தியத்தைப் படியவைக்கவே மின்சாரம் நிறைய செலவாகும்.

அந்தக் கட்டுரை கனவைக் கொன்றுவிட்டது என்று நான் நினைக்கவில்லை. துளியூண்டு அம்மோனியாவை நம்பி வருஷக்கணக்கில் உழைப்பைக் கொட்டுகிற இளம் ஆய்வாளருக்கு, அது நிஜமா என்று முதலிலேயே தெரிவது பெரிய உதவி. 'காற்றிலிருந்து உரம்' என்று செய்தி வந்தால் நான் இப்போ முதலில் தேடுவது ஆர்கான் சோதனையைத்தான். டேவியும் அதைத்தான் தேடியிருப்பார்.