கடன் விடுதலையும் கணக்கு முடிவும்

தமிழில் கடன் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஆற்ற வேண்டிய கடமையும் கடனே. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கடனே. ஆதலின், பணம் கொடுக்க இயலாதவனை நம்மவர் ஏழை என்று எண்ணி விட்டுவிடுவதில்லை. கடமை தவறியவன் என்றும் எண்ணுகின்றனர். ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்’ என்று ஒருவனைச் சுட்டிக் காட்டும்போது அக்குரலில் இரக்கத்தினும் இகழ்ச்சியே மிகுந்திருக்கும். நியாயஸ்தலம் அவனை விடுவித்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அப்பெயர் அவனை விட்டு நீங்குவதில்லை.

ஊர் வாயை மூடுதல் அரிது, அது கிடக்கட்டும். சட்டமே ‘நீ விடுதலை பெற்றாய்’ என்று கூறிய பிறகும் அவனுடைய கணக்கு முடியாமல் கிடப்பது ஏன்? இதுவே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கிய திவால் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தைத் தழுவி வந்ததாகும். ஆதலால் விடை தேடுவோர் முதலில் அந்நாட்டின் வரலாற்றையே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் முதல் திவால் சட்டம் எட்டாம் ஹென்றி அரசர் காலத்தில், 1542ஆம் ஆண்டில், தோன்றியது. அது கடனாளியைக் குற்றவாளியாகவே கருதிற்று. அவனுடைய உடைமைகளைக் கைப்பற்றிக் கடன் கொடுத்தோர்க்குப் பங்கிடுதலே அதன் நோக்கம். பங்கிட்ட பின் எஞ்சிய கடன் அவன் சாகும்வரை அவன் தலைமீதே இருந்தது. விடுதலை என்னும் எண்ணமே அச்சட்டத்தில் இல்லை.

அவ்வெண்ணம் பிறக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஆன் அரசியார் காலத்து 1705ஆம் ஆண்டுச் சட்டம், தன் உடைமை அனைத்தையும் ஒளிக்காமல் ஒப்படைத்த வணிகனுக்குப் பழைய கடனிலிருந்து விடுதலை அளித்தது. ஒளித்தவனுக்கு மரண தண்டனை விதித்தது. ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டானியல் டீபோ 1692இல் தாமே திவாலாகித் துன்புற்றவர். அவர் இச்சீர்திருத்தத்தை ஆதரித்துத் தம் பத்திரிகையில் எழுதினார். ஆனால் சட்டம் பிறந்த சூட்டிலேயே அதற்கு ஒரு தடை வந்து சேர்ந்தது. கடன் கொடுத்தோருள் எண்ணிக்கையிலும் தொகையிலும் ஐந்தில் நான்கு பங்கினர் கையெழுத்திட்டாலன்றி விடுதலைப் பத்திரம் செல்லாது என்றனர். பகைமை கொண்ட ஒருவர், தம் பங்கு பெரிதாயிருப்பின், எத்தனை ஆண்டுகளும் கையெழுத்திட மறுக்கலாம். விடுதலையைச் சட்டம் தந்தது. அதன் சாவியோ கடன் கொடுத்தோர் கையில் இருந்தது. இக்கையெழுத்து முறை 1842ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது.

இவ்வளவும் வணிகர்க்கே. மற்றையோர்க்கு 1861ஆம் ஆண்டு வரையில் திவால் சட்டத்தின் பாதுகாப்பே இல்லை. கடனாளிச் சிறையே கதி. லண்டனில் பிளீட், மார்ஷல்சி என்னும் சிறைகள் இதற்குப் பெயர் பெற்றவை. அங்கே உறங்கும் இடத்துக்கும் கட்டணம், விலங்கைக் கழற்றவும் கட்டணம், வெளியேறவும் கட்டணம். 1728ஆம் ஆண்டில் தாமஸ் பாம்பிரிட்ஜ் என்பவரும் அவருடைய கூட்டாளியும் பிளீட் சிறையின் தலைமைப் பதவியை 5,000 பவுன் கொடுத்து விலைக்கு வாங்கினர். பதவியை விலைக்கு வாங்கியவர் அப்பணத்தைக் கைதிகளிடமிருந்து கறவாமல் விடுவரோ? அவ்வாண்டிலேயே ராபர்ட் காஸ்டல் என்னும் கட்டடக் கலைஞர், கேட்ட பணத்தைக் கொடுக்க இயலாமையால், அம்மை நோய் பரவியிருந்த வீட்டில் அடைக்கப்பட்டு மாண்டார். அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் 1729இல் பாராளுமன்றக் குழுவுக்குத் தலைமை தாங்கி இக்கொடுமைகளை வெளிப்படுத்தினார்.

எனினும் கட்டணம் ஒழியவில்லை. 1773ஆம் ஆண்டில் பெட்போர்டு மாவட்டத்தின் ஷெரீப்பாக அமர்ந்த ஜான் ஹோவார்டு, நியாயஸ்தலம் குற்றமற்றோர் எனத் தீர்ப்பளித்தவர்களும் சிறைக்கே திரும்ப இழுத்துச் செல்லப்படுவதைக் கண்டு திடுக்கிட்டார். காரணம் என்ன? சிறை அதிகாரிக்குச் சேர வேண்டிய கட்டணம் பாக்கி! தீர்ப்புக் கிடைத்தது; கதவு திறக்கவில்லை. இத்தகையோர் கட்டணமின்றி வெளியேற 1774ஆம் ஆண்டில் ஒரு சட்டம் தேவைப்பட்டது. கடனுக்காகச் சிறையிடும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது 1869இல். அதற்கு இடையில், 1824ஆம் ஆண்டில், சார்லஸ் டிக்கன்ஸின் தந்தையார் மார்ஷல்சியில் அடைபட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவராகிய மகன் காலணி மைத் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தார்.

சிறை போயிற்று, தாமதம் போகவில்லை. ஜோசப் சேம்பர்லின் கொண்டுவந்த 1883ஆம் ஆண்டுச் சட்டம் திவால் நிர்வாகத்தைச் சர்க்கார் அதிகாரியிடம் ஒப்புவித்தது. நல்ல சீர்திருத்தமே. ஆனால் விடுதலை வேண்டுவோன் தானே நியாயஸ்தலத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும். அஞ்சியும் அறியாமலும் விண்ணப்பிக்காதவர்கள் திவாலானவர்களாகவே இறந்தனர். குறித்த காலம் கழிந்ததும் விண்ணப்பமின்றித் தானே விடுதலை வரும் முறை 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. பெரும்பாலோர்க்கு அக்காலம் மூன்று ஆண்டுகள். 2004 ஏப்ரல் முதல் ஓர் ஆண்டு.

இனியேனும் கணக்கு முடிந்ததா? இல்லை. ஆளுக்கு விடுதலை வந்தது. அவனுடைய வீடோ பொறுப்பாளர் கையிலேயே நின்றது. 1990களின் தொடக்கத்தில் வீட்டு விலைகள் வீழ்ந்து கிடந்தன. விற்றால் அடைமானத்துக்கே போதாத வீடுகளைப் பொறுப்பாளர்கள் விற்காமல் விட்டுவைத்தனர். பின்னர் விலை ஏறிற்று. பத்தாண்டுக்கு முன்பே விடுதலை பெற்று, எல்லாம் முடிந்தது என்று நம்பிக் குடும்பம் நடத்தியவர்களின் வாசலில் பொறுப்பாளரின் கடிதம் வந்து விழுந்தது. இதைத் தடுக்கவே, மூன்று ஆண்டுகளுக்குள் வீட்டின்மீது நடவடிக்கை எடாவிடின் அது உரியவனுக்கே திரும்பிவிடும் என்று 2002ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் கூறிற்று.

திவாலுக்கு மாற்றாக ஒப்பந்த வழியொன்றும் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. வாக்களிக்கும் கடன் கொடுத்தோருள் தொகையில் நூற்றுக்கு 75 பங்கினர் இசைந்தால், கடனாளி பெரும்பாலும் ஐந்தாண்டுகள் மாதந்தோறும் இயன்றதைச் செலுத்துவான். மேற்பார்வையாளர் அதைப் பங்கிடுவார். இறுதியில் நிறைவுச் சான்றிதழ் வழங்குவார். இதிலும் ஒரு வால் முளைத்தது. அந்நாட்டு வங்கிகள் கடனோடு சேர்த்துப் பயனற்ற காப்புறுதிகளை இலட்சக்கணக்கானோர் தலையில் கட்டியிருந்தன. அதற்காக அவை திருப்பிக் கொடுக்க நேர்ந்த தொகை 3,800 கோடிப் பவுனுக்கு மேற்பட்டது. அத்தொகையில் பங்கு வரக்கூடும் என்று, தவணைகளை ஒழுங்காகச் செலுத்தி முடித்தோரின் ஒப்பந்தங்கள் பல முடிக்கப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டன. சான்றிதழ் வழங்கிய பின் வந்த இழப்பீடும் கடன் கொடுத்தோர்க்கே உரியது என்று 2017ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இழப்பீடு கேட்பதற்கே 2019 ஆகஸ்டு 29 இறுதி நாள் என்று குறித்த பின்னரே அவ்வாலும் குறுகத் தொடங்கிற்று.

கடன் கொடுத்தோர்க்கும் நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. தமக்குச் சேர வேண்டிய பணம் காலந்தாழ்ந்து வெளிப்பட்டால் அவர்கள் அதைக் கேட்பது தவறன்று. ஆயின் இவ்வரலாறு காட்டும் உண்மை யாது? கையெழுத்து மறுத்தவர்க்கும், கட்டணம் கேட்ட சிறை அதிகாரிக்கும், விலை ஏறக் காத்திருந்த பொறுப்பாளர்க்கும் தாமதத்தால் நட்டம் ஒன்றும் இல்லை. நட்டம் முழுவதும் காத்திருந்தவனுக்கே. அத்தாமதத்தைக் கருணை ஒழித்ததில்லை. சட்டம் குறித்த தேதியே ஒழித்தது.

தோட்டத் தமிழர்க்கு இது புதிய பாடமன்று. இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கிற்று. இன்ன கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். அதே கடனைத் தன் பேரேட்டில் அவர்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளும். விடுதலைச் சீட்டு கையில் இருந்தது. கடன் தோட்டம் மாறிற்றேயன்றித் தீரவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

மலேசியாவிலும் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி திவாலானவர்க்குத் தானே வரும் விடுதலை நெடுங்காலம் இல்லை. நியாயஸ்தலத்தின் கட்டளையோ தலைமை அதிகாரியின் சான்றிதழோ கிடைக்கும்வரை, அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே செல்லவும் இயலாது. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், நிபந்தனைகளை நிறைவேற்றியோர்க்கு மூன்று ஆண்டுகளில் விடுதலை என்று காலம் குறித்தது. கடன் கொடுத்தோரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழியையும் திறந்தது. இது வரவேற்கத் தக்கதே.

ஆனால் விடுதலைக்கு நாள் குறித்தல் பாதி வேலையே. கணக்கு முடிவுக்கும் நாள் குறித்தல் வேண்டும். அந்நாளுக்குள் முடிக்காதவர், முடிக்காமைக்குரிய காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும். காரணம் இல்லையேல் கணக்குத் தானே முடிந்ததாகச் சட்டம் கொள்ளுதல் வேண்டும். கடனாளிகளும் விடுதலை என்ற சொல் காதில் விழுந்தவுடன் மகிழ்ந்து வீடு திரும்பிவிடாமல், நிறைவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துதல் வேண்டும். வீடும் வர வேண்டிய பணமும் யார் பொறுப்பில் உள்ளன என்பதைக் கடிதம் எழுதிக் கேட்டு, விடையையும் எழுத்திலேயே பெறுதல் வேண்டும். பட்ட கடனை ஒழுங்காகத் தீர்த்தவனுக்கு ‘உன் கணக்கு முடிந்தது’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தலும் ஒரு கடனேயாகும். அக்கடனுக்கும் தவணை உண்டு.